நம்பர் பொருந்தாத ரிவால்வர்

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு நூற்றிருபது டாலர் என்று விலை சொன்னேன். அது நல்ல பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அது பழைய ரிவால்வர் ஒன்று. நிக்கல் பூச்சு பாதி உரிந்திருந்தது. பிடியின் மரத்தில் ஒரு பக்கம் விரிசல். எல்லாவற்றுக்கும் மேல், நம்பர் பொருந்தவில்லை. நூற்றிருபதில் ஆரம்பித்தால் நூற்றைம்பதில் முடியும், இருநூற்றெண்பதுக்கு விற்கலாம் என்பது என் உள்கணக்கு.

"நான் விக்க வரல தம்பி" என்றார் அதை என் மேசைக்குக் கொண்டுவந்த அம்மாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பாங்க. சரி, நூத்தி முப்பது."

"காது மந்தமா உனக்கு? விக்கலைங்கறேன்."

பெயர் டெல்ஃபா மெட்லி. வயது அறுபத்திரண்டு. ஹார்னர் க்ரீக் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலைக் கேட்டாலே கடைசி சீட்டுப் பையன்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"இந்தத் துப்பாக்கி தொள்ளாயிரத்து இருபத்தொண்ணாம் வருஷம் மே மாசம் சுட்டுச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்லணும். நீ கெட்டிக்காரன்னு சொன்னாங்க."

"அம்மா, இப்ப நடக்கறது எண்பத்தாறாம் வருஷம். மோந்து பார்த்துச் சொல்ல நான் வேட்டை நாய் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றப்போனார். முனை முனையாக அவர் மடித்த கவனத்தைப் பார்த்ததால், வியாபாரத்துக்கு ஆகாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"யாரோடது?"

"எங்கப்பாவோடது. ஆர்லோ மெட்லி. கார்ஸ்வெல் ஏஜென்சி ஆளு."

கார்ஸ்வெல் என்றால் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. என் அப்பா லெபனானிலிருந்து வந்து, முதுகில் துணி மூட்டையோடு நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புகளுக்கு நடந்தே போய் விற்றவர். சுரங்கக் கம்பெனியின் கடையில் ஒரு டாலருக்கு விற்கும் துணியை அறுபது சென்ட்டுக்கு விற்கும் ஆளைக் கம்பெனிக்குப் பிடிக்குமா? வாசலிலேயே மடக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆட்கள் கார்ஸ்வெல் ஏஜென்சியின் தனியார் துப்பறிவாளர்கள். அவர்கள் துப்பறிந்தது எல்லாம் தொழிற்சங்கத்தில் யார் சேர்ந்தான், அப்பா மூட்டையில் எந்த ரிப்பன் நல்ல ரிப்பன் என்பதைத்தான்.

ஆனாலும் இன்று அந்தத் துப்பாக்கிகளுக்கு நல்ல கிராக்கி. யார் கையில் இருந்தது, எங்கே போனது, யார் வழியாக வந்தது என்று கைக்குக் கை தடம் பிடித்துக் கொடுத்தால் மும்மடங்கு விலை. தடம் பிடிப்பதுதான் என் பிழைப்பு.

டெல்ஃபா சொன்ன கதை இது.

வேலைநிறுத்த வருஷம். நிறுத்தியவர்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து காலி செய்ய கார்ஸ்வெல் ஆட்கள் வந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை யானோஷ் பார்டோஸ் என்ற ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளி தன் வீட்டு வாசலில் சுடப்பட்டுச் செத்தார். ஆர்லோ சொன்னார்: "நானும் க்ளெல் ராஸ்னிக்கும் சேர்ந்து போனோம். சுட்டது க்ளெல். நான் துப்பாக்கியை உறையைவிட்டே எடுக்கலை." க்ளெல் ராஸ்னிக் சொன்னார்: "நான் ஞாயிற்றுக்கிழமையே ப்ளூஃபீல்டுல இருக்கிற எங்க ஏஜென்சி ஆபீசுக்குப் போயிட்டேன். புதுத் துப்பாக்கியை அங்கதான் வாங்கினேன். வெள்ளிக்கிழமைவரைக்கும் மெட்லி மூஞ்சியையே பார்க்கலை." ஆபீசில் மூன்று பேர் ஆமாம் என்று சத்தியம் செய்தார்கள். க்ளெல் மேலதிகாரியின் மைத்துனர். ஆர்லோ யாருக்கும் எதுவும் இல்லை. அன்றைக்கே வேலை போனது. சுட்டதைக் கண்ணால் பார்த்தவர் இல்லாததால் கோர்ட் ஆர்லோவைத் தண்டிக்கவில்லை; ஊர் தண்டித்தது. க்ளெல் பிற்பாடு துணை ஷெரிஃப் ஆனார்.

"ஊரைவிட்டுப் போயிருக்கலாமே?"

"ஓடினா ஒத்துக்கிட்ட மாதிரின்னு அங்கயே இருந்தார். கிணறு தோண்டிப் பிழைச்சார். சர்ச்ல அவர் உட்கார்ற பெஞ்ச்சுல வேற யாரும் உட்கார மாட்டாங்க. நானும் எங்கம்மாவும்தான். கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம்." கொஞ்சம் நிறுத்தினார். "கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயிறு வருது பாரு, மே கடைசி ஞாயிறு. பார்டோஸ் வீட்டுக்காரங்க அங்க இருக்கிற எல்லாக் கல்லுக்கும் பூ வைப்பாங்க, சொந்தம் அந்நியம் பார்க்க மாட்டாங்க. எங்கப்பா கல்லை மட்டும் சுத்திக்கிட்டுப் போவாங்க. யானோஷோட மகன் லூயிக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. அவர் கண்ணை மூடுறதுக்குள்ள எங்கப்பா கல்லுக்கு ஒரு பூ வைக்கணும். அதான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இந்தத் துப்பாக்கி சுட்டதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அப்படியே அப்பா சொன்னது நிஜமா இருந்தாலும், துப்பாக்கியே முழுசா இல்ல. பாருங்க, அடிப்பிடியில நம்பர் முடியறது நாலு ஒண்ணு ஏழு. தோட்டா போடற உருளைக்குப் பின்னால நாலு ரெண்டு ரெண்டு. தொழிற்சாலையில ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் அடிப்பாங்க. யாரோ வேற உருளையை மாட்டியிருக்கான்."

"யாரும் மாட்டலையே. திங்கக்கிழமை வாங்கினார், அந்த வியாழக்கிழமையே டிரங்குப் பெட்டியில போட்டார். அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. பெட்டியில புதுசா வந்தப்ப ஒரே கிரீஸா இருந்துதாம். போலந்துக்கார அம்மா ஒருத்தி சாப்பாட்டு விடுதி வச்சிருந்தாளாம். அவ சமையல்கட்டு மேசையில, பன்னிக் கொழுப்பு டப்பாவுல மண்ணெண்ணெய் ஊத்தி, எங்கப்பாவும் க்ளெல்லும் ஒண்ணா உட்கார்ந்து கழட்டிக் கழுவினாங்களாம். அந்தம்மா வந்து நாத்தம் தாங்கலைன்னு கரண்டியால அடிச்சு விரட்டினாளாம். அவசர அவசரமா மாட்டிக்கிட்டு எழுந்து ஓடினாங்களாம். அதை மட்டும் எப்பவும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார்."

நான் துப்பாக்கியை மேசையில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன்; விலை எனக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது.

ஒரே டப்பாவில் இரண்டு உருளைகள். ஒரே மாதிரி, ஒரே கிரீஸ். கரண்டி அடிக்குப் பயந்து ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டம். எந்த உருளையும் எந்த உடம்பிலும் சுழலும். மாறியது தெரியவே தெரியாது. நாலு ரெண்டு ரெண்டு க்ளெல் ராஸ்னிக்கின் உருளையாக இருந்தால், திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் அவர் ப்ளூஃபீல்டில் இல்லை. ஆர்லோவோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறார்.

க்ளெல் ராஸ்னிக்கின் ரிவால்வர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஹோபர்ட் ஸ்கீன்ஸ் பெக்லி ஊரில் பழைய கார் விற்பவர். துப்பாக்கிக் கண்காட்சி எங்கே நடந்தாலும் கண்ணாடிப் பெட்டியோடு முதல் ஆளாக வந்துவிடுவார். பெட்டிக்குள் வெல்வெட்டில் க்ளெல்லின் ரிவால்வர், பக்கத்தில் அவர் பேட்ஜ், ப்ளூஃபீல்டில் இருந்ததாக அவர் சாட்சி சொன்ன பத்திரிகைத் துண்டு. மேலே அட்டை: 'துணை ஷெரிஃப் க்ளெல் ராஸ்னிக் துப்பறிவாளராக இருந்தபோது வைத்திருந்தது. எல்லா நம்பரும் பொருந்தும்.' அதற்காக மூன்று முறை முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமைக் கண்காட்சிக்கு டெல்ஃபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "முதல்ல நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். "பஸ்ஸுல நானும் இதைத்தான் சொல்லுவேன், யார் கேட்டா?" என்றார்.

ஹோபர்ட் இறைச்சி வைத்த பெப்பரோனி ரோலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா நிக்கு! இன்னிக்கு எவன் தலையில என்ன கட்டப்போற?"

"வாங்கத்தான் மாப்ள வந்தேன். க்ளெல் துப்பாக்கிக்கு ஒருத்தர் ஆசைப்படறார். ஆயிரத்து எண்ணூறு."

"விக்கறதுக்கில்ல."

"இதைக் கைக்குக் கை காட்ட முடியுமான்னு கேட்டார்."

ஹோபர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "எழுதிக்கோ. க்ளெல் இடுப்புல இருந்து அவர் பொண்டாட்டி அலமாரிக்கு. அலமாரியில இருந்து என் கைக்கு. நடுவுல ஈ காக்கா தொட்டதில்ல. அந்தம்மா பைபிள்மேல கை வச்சுச் சொன்னா. என் காருக்குக்கூட இவ்வளவு சுத்தமான கதை கிடையாது."

"உன் காரைப் பத்தி ஊருக்கே தெரியும். ரெண்டாயிரம். ஒரே ஒரு நிபந்தனை, உருளையைத் திறந்து ஒருதடவை பார்க்கணும்."

"பெட்டி பூட்டியிருக்கு."

"சாவி இல்லையா?"

"வீட்ல இருக்கு."

"ரெண்டாயிரத்து ஐநூறு. வீட்டுக்கே வர்றேன்."

"திறந்தா காத்துப் பட்டுப் பளபளப்பு போயிடும்டா."

"மூவாயிரம்."

விலை ஏற ஏற அவர் முகம் இறங்கியது. கார் விற்கிறவன் பானெட்டைத் திறக்க மாட்டேன் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்தது போதும். ஆனால் டெல்ஃபாவுக்குப் போதவில்லை. என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். துணியைப் பிரித்தார். உருளையைத் திறந்து பின்பக்கம் தெரியும்படி ஹோபர்ட்டின் ரோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பின்னால இருக்கறதைப் படிங்க."

ஹோபர்ட் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. படித்தார். மறுபடி படித்தார். ரோல் கீழே விழுந்தது.

"நாலு ரெண்டு ரெண்டு! அட, இது என்னுது! பதினோரு வருஷமா ஒஹையோ, கென்டக்கின்னு நாயா அலைஞ்சு தேடறேன், இது என்னுதும்மா!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லா நம்பரும் பொருந்தும்னு அட்டை போட்டிருக்கியே மாப்ள" என்றேன். "உன் உருளை உன் பெட்டிக்குள்ள இருக்கறப்ப, இந்தம்மாகிட்ட இருக்கறது எப்படி உன்னுது?"

ஹோபர்ட் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாவியைச் சட்டைப் பையிலிருந்தே எடுத்தார். வீடு அங்கேயே இருந்தது போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னுதுல நாலு ஒண்ணு ஏழு இருக்கு. வாங்கினப்பவே அப்படித்தான். போதுமா? கத்தாதே" என்றார்.

டெல்ஃபாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

ஹோபர்ட்டுக்குள் இருந்த வியாபாரி அதற்குள் விழித்துவிட்டார். "அம்மா, உங்க உருளை உங்களுக்கு, என்னுது எனக்கு. மாத்திக்கலாம். ரெண்டு துப்பாக்கியும் முழுசாயிடும். மேல எண்ணூறு டாலர் தர்றேன். சரி, ஆயிரத்து ஐநூறு. எங்கிட்ட ஒரு ப்யூக் நிக்குது, எண்பத்தொண்ணு மாடல், ஒரு கிழவி ஓட்டினது..."

"நானே கிழவிதான். எனக்கு எதுக்கு?" என்றார் டெல்ஃபா. "மாத்திக்கறேன். காசு வேண்டாம். கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயித்துக்கிழமை ஹார்னர் க்ரீக் சர்ச்சுக்கு இதைக் கொண்டு வாங்க. லூயி பார்டோஸ் முன்னால ரெண்டையும் திறந்து காட்டணும். இது யார் யார் கை வழியா வந்துதுன்னு இப்ப சொன்னீங்க பாருங்க, அதே மாதிரி அங்கயும் சொல்லணும். அவர் பார்த்ததுக்கப்புறம் உங்க உருளையை நீங்க எடுத்துக்கலாம்."

ஆயிரத்து ஐநூறில் பத்து சதவீதம் என்னுடையது. அது பறந்துபோவதைப் பார்த்தபடி அவர் காதில் சொன்னேன்: "அம்மா, மாத்திக் கொடுத்துட்டா சாட்சி போயிடும். அப்புறம் ரெண்டும் வெறும் நல்ல துப்பாக்கி."

"ஊர்க்காரங்க எல்லாரையும் நம்ப வைக்க எனக்கு வயசு இல்ல தம்பி. அவர் கண்ணால பார்த்தாப் போதும்."

ஹோபர்ட் நெளிந்தார். "அத்தனை பேர் முன்னால திறந்தா, பொய் அட்டை போட்டவன்னு என் பேர் நாறிடுமேம்மா!"

"எங்கப்பா பேர் அறுபத்தஞ்சு வருஷமா நாறுது. உங்களால ஒரு ஞாயித்துக்கிழமை தாங்க முடியாதா?"

ஹோபர்ட் கீழே கிடந்த ரோலை எடுத்து ஊதிவிட்டு மறுபடி கடித்தார். சம்மதம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் கல்லறைகள், சரிவின் கீழே நீண்ட மேசைகள், வறுத்த கோழியும் பீன்ஸும் சோள ரொட்டியும். பார்டோஸ் குடும்பம் காபி டப்பாக்களில் பியோனிப் பூக்களை நிறைத்துக் கல் கல்லாக வைத்துக்கொண்டு மேலே ஏறியது. லூயி பார்டோஸ் கடைசியில் வந்தார். உயரமான மனிதர், தோள் மட்டும் சுரங்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டது போல் வளைந்திருந்தது. ஆர்லோ மெட்லியின் கல்லருகே எல்லோரும் வழக்கம்போல் விலகி நடந்தார்கள். அங்கே டெல்ஃபா நின்றுகொண்டிருந்தார்.

"பார்டோஸ் ஐயா, ஒரு நிமிஷம்."

"என்னம்மா வேணும்?" சிநேகமும் இல்லை, கோபமும் இல்லை. பெஞ்ச்சில் இடம் விட்டு உட்காருகிறவர்களின் குரல்.

"ரெண்டு நம்பர் படிக்கணும் நீங்க."

கல்லறைத் தோட்டத்தில் துப்பாக்கியா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஹோபர்ட் பெட்டியைத் திறந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் துப்பாக்கியின் கதையைச் சொன்னார். இடுப்பு, அலமாரி, கை. நடுவில் ஈ காக்கா இல்லை. டெல்ஃபா தன்னுடையதைச் சொன்னார். இடுப்பு, டிரங்குப் பெட்டி, கை. நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். லூயி முதலில் ஒன்றை, பிறகு மற்றதைப் படித்தார்.

"நாலு ஒண்ணு ஏழு உடம்புல நாலு ரெண்டு ரெண்டு. நாலு ரெண்டு ரெண்டுல நாலு ஒண்ணு ஏழு." நிமிர்ந்தார். "மாறிக் கிடக்கு. அதுக்கென்ன?"

"ரெண்டையும் ஒரே டப்பாவுல கழுவினாங்க ஐயா. திங்கக்கிழமைக்கு அப்புறம், வியாழக்கிழமைக்கு முன்னால. ஒரே மேசையில. வெள்ளிக்கிழமைவரைக்கும் எங்கப்பாவைப் பார்க்கவே இல்லைன்னு ராஸ்னிக் பேப்பர்ல சொல்லியிருக்கார். அதுவும் இந்தப் பெட்டியிலயே இருக்கு."

லூயி இரண்டு நம்பரையும் பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தார். நான் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்ப்பவர் விலை யோசிப்பார். இவர் யோசித்தது விலை அல்ல.

"எனக்கு அப்ப ஆறு வயசு" என்றார். "அடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன். அடுப்புக்கு அடியில பார்த்தா வாசல்ல பூட்ஸ் தெரிஞ்சுது. நாலு பூட்ஸ். ரெண்டு பேருன்னு சொன்னேன். ஒருத்தன்தான்னு பெரியவங்க சொன்னாங்க, கோர்ட்டே சொல்லிடுச்சுன்னாங்க. சின்னப் பையன், பயத்துல ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சுதுன்னாங்க. அப்புறம் நானே அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்." பூதக்கண்ணாடியை மடக்கினார். "நாலு பூட்ஸ்தான் இருந்துது."

"ஐயா..."

"இரும்மா. சுட்டது எந்தக் கைன்னு நான் பார்க்கலை. பூட்ஸ்தான் பார்த்தேன். உங்கப்பா சுடலைன்னு இந்த இரும்பும் சொல்லலை."

"சொல்லலை" என்றார் டெல்ஃபா. "ராஸ்னிக் பொய் சொன்னார்னு மட்டும் சொல்லுது. எங்கப்பா சொன்னதுல ஒண்ணு நிஜம்னு சொல்லுது. அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன்."

ஹோபர்ட் நேரம் பார்த்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "அப்ப நாம பேசினபடி, மாத்திக்கலாமா?"

டெல்ஃபா வாக்குத் தவறாதவர், துப்பாக்கியை நீட்டினார். நடுவில் லூயியின் கை வந்தது. பெரிய கை, விரல் இடுக்கில் நிலக்கரி நீலம்.

"இது எங்கப்பாவோட சாவு. என்னைக் கேட்காம இதுல ஒரு ஸ்க்ரூ அசையக் கூடாது. இப்படியே இருக்கட்டும்."

"நான் பேரம் முடிச்சாச்சு பெரியவரே!"

"எங்கிட்ட முடிக்கலையே."

ஹோபர்ட் என்னைப் பார்த்தார். பேரத்தில் மூன்றாவது ஆள் இருப்பதை மறந்துபோனால் என்ன ஆகும் என்று என் அப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். நான் தோளைக் குலுக்கினேன். ஹோபர்ட் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். அப்புறம் பெட்டியிலிருந்த அட்டையை எடுத்து, 'எல்லா நம்பரும் பொருந்தும்' என்ற வரியைப் பேனாவால் அடித்தார். "எவன் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லித் தொலைக்கணும் இனிமே" என்றார். அதைச் சொல்லும்போதே எப்படிச் சொல்வது என்று அவர் ஒத்திகை பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

லூயி கையில் ஒரு டப்பா மிச்சமிருந்தது. அதிலிருந்து பாதிப் பூக்களை உருவினார். அவற்றை ஆர்லோ மெட்லியின் கல்மேல் வைத்தார். எறியவில்லை, குனிந்து வைத்தார். மற்ற பாதியோடு தன் அப்பாவின் கல்லை நோக்கி ஏறினார்.

டெல்ஃபா அந்தப் பூக்களை எண்ணவில்லை, அழவில்லை. குரலை உயர்த்தினார், பேருந்துக் குரல். "ஐயா! மீதியை அடுத்த வருஷம் கேட்டு வாங்கிக்குவேன்!"

லூயி திரும்பாமலே கையை உயர்த்தினார். வரச் சொன்னாரா போகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. டெல்ஃபாவுக்குத் தெரிந்தது போலிருந்தது. கோழி சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். எனக்கு வரவு: கோழித் துண்டு இரண்டு, கமிஷன் இல்லை, பெட்ரோல் என் செலவு. ஹோபர்ட்டுக்கு: பொய் ஒன்று கழிந்தது, உருளை ஒன்று பாக்கி. லூயிக்கு: தொலைந்துபோன இரண்டு பூட்ஸ் திரும்ப வரவு. ஆர்லோ மெட்லிக்கு: பூ பாதி டப்பா வரவு, பாதி டப்பா நிலுவை.